சிலும்பி

உலர்ந்த கஞ்சாப் பூந்தலைகளைப் புகைப்பதற்கான சுட்ட மண் குழல். சிலிம் என்றும் வழங்கும். மேல்வாய் அகன்றும் அடிவாய் குறுகியும் இருக்கும். தூள் நழுவி வாய்க்குள் வராதபடி உள்ளே ஒரு சிறு கல் கிடக்கும். கல் உருண்டையாக இருந்தாலும் ஓரங்களில் காற்று புக இடமிருக்க வேண்டும். அடிவாயில் ஈரத்துணி சுற்றி, இரு கைகளையும் குவித்து இழுப்பர். உதடு மண்ணில் படாததால் ஒரே குழல் பல கைகள் மாறும்.

சித்த மருத்துவத்தில் கஞ்சாவுக்குச் சிவமூலி என்று பெயர். அதைப் புகைக்கும் வழக்கம் போர்த்துக்கீசியர் புகையிலை கொண்டுவந்த பின் தோன்றியது என்பர் ஒரு சாரார். முந்தையது என்பர் வேறு சிலர்.

செங்கத்துக்கு வடக்கே உயரும் சவ்வாது மலை, சென்னை மாகாணத்தில் கஞ்சா விளைந்த இடங்களுள் ஒன்றாக ஆங்கிலேயர் கால ஆவணங்களில் இடம்பெறுகிறது. மற்றொன்று கிருஷ்ணா மாவட்டம். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்வியை அடுத்து 1893இல் இந்தியக் கஞ்சா ஆணையம் அமைக்கப்பட்டது. தலைவர் மெக்வொர்த் யங். இந்திய உறுப்பினர் மூவரும் வங்காளம், பஞ்சாப், வடமேற்கு மாகாணங்களைச் சேர்ந்தோர். தெற்கிலிருந்து ஒருவரும் இல்லை. ஆயினும் ஆணையம் சென்னை மாகாணத்திலும் சாட்சியம் பெற்றது. எழுபது கேள்விகள், 1,193 சாட்சிகள், ஏழு தொகுதிகள். இலையைப் பாங் என்றும் பூந்தலையைக் கஞ்சா என்றும் பிசினைச் சரஸ் என்றும் பிரித்து, யார், எதோடு கலந்து, எவ்வளவு புகைக்கிறார்கள் என்பதுவரை அது கேட்டது. அளவான பழக்கத்தால் பொதுவாகப் பெருந்தீங்கு இல்லை, மிகுதி கெடுக்கும், முழுத்தடை தேவையில்லை என்பது 1894ஆம் ஆண்டு அறிக்கையின் முடிவு. வரி வருவாயைக் காப்பதற்கான முடிவு என்றும், பொறுமையான ஆய்வின் பலன் என்றும் இருவகையாக மதிப்பிடப்படுகிறது. கஞ்சா புகைப்பதைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு கேட்டெழுதிய அரசு ஆவணம் அரிது.

1961ஆம் ஆண்டின் பன்னாட்டுப் போதைப்பொருள் உடன்படிக்கையை அடுத்து, 1985இல் இந்தியாவில் போதைப்பொருள் சட்டம் வந்தது. அதில் கஞ்சா என்பது பூந்தலையையே குறிக்கும். தனி இலையும் விதையும் சேரா.

சிலும்பிக்கு மாறாக, எரிக்காமல் சூடாக்கும் ஆவியாக்கிகளும் உண்டு. அவற்றில் ஜெர்மனியின் டுட்லிங்கன் நகர நிறுவனம் ஒன்றின் வால்கேனோ 2000இல் விற்பனைக்கு வந்தது. அதே நிறுவனத்தின் கையடக்க மைட்டி 2014இல். ஏறத்தாழ 180 முதல் 210 பாகை செல்சியஸில் மூலிகை கருகாமல் ஆவி எழும். இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் மின் சிகரெட் தடைச் சட்டம், நிகோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பொருளைச் சூடாக்கி உள்ளிழுக்கச் செய்யும் மின்கருவிகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை ஆகியவற்றைத் தடுக்கிறது.