பம்பாய்க் கடை வாடகையும் தலைப்பாகைப் பணமும்

இன்று மும்பை எனப்படும் பம்பாயில், மாதுங்காவிலும் கோட்டைப் பகுதியிலும் கடை நடத்தும் நம்மவர்க்குப் 'பகடி' என்னும் சொல்லை விளக்க வேண்டுவதில்லை. பிற நகரங்களில் வாழும் நேயர்களுக்காகச் சொல்லி வைப்போம். தமிழில் பகடி என்றால் கேலி. மராத்தியிலும் இந்தியிலும் அது தலைப்பாகை. கடைக்குக் குடிபுகுபவர் மாத வாடகைக்குப் புறம்பாக, பெரும்பாலும் ரசீதின்றி, முன்கூட்டியே தரும் பெருந்தொகைக்கு அந்நகரத்தார் இட்ட பெயர் இது. இதற்குத் தமிழில் நேரான சொல் இல்லை. வேண்டுமானால் 'தலைப்பாகைப் பணம்' என்று எழுதி அமையலாம்.

இப்பழக்கம் வேரூன்றியதற்குச் சட்டமே ஒரு காரணம். முதல் உலகப் போர்க் காலத்தில் பம்பாயில் இடநெருக்கடி மிகுந்தது. 1918இல் சர்க்கார் வாடகைக்கு வரம்பு கட்டியது. அச்சட்டம் காலாவதியான பின், 1939இலும் 1944இலும் புதிய சட்டங்கள் தோன்றின. இவற்றுள் நிலைபெற்றது 1947இல் இயற்றப்பெற்று, 1948 பிப்ரவரி 13 முதல் நடைமுறைக்கு வந்த சட்டமேயாகும். பிரிவினையால் சிந்துவிலிருந்து அகதிகள் வந்திறங்கிய காலம் அது. 1940 செப்டம்பர் 1ஆம் நாள் ஓர் இடத்துக்கு என்ன வாடகையோ அதுவே நிர்ணய வாடகை. அதற்குப் பின் முதன்முதலாக வாடகைக்கு விடப்பட்ட இடமாயின், அந்த முதல் வாடகை. வீட்டுக்கும் கடைக்கும் இவ்விதி பொதுவாயிற்று. தற்காலிகச் சட்டமாகப் பிறந்த இது, மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பெற்று, அரை நூற்றாண்டு வாழ்ந்தது.

கடைக்காரர்க்கு இது பெருங்காப்பு என்பதில் ஐயமில்லை. ஒரு கடையின் செல்வம் அதன் சரக்கில் மட்டுமன்று, அது நிற்கும் தெருவிலும் இருக்கிறது. இருபதாண்டுகள் பழகிய வாடிக்கைக்காரரை வேறு தெருவுக்குத் தூக்கிச் செல்ல இயலுமா? வாடகையை ஒழுங்காகச் செலுத்தி வருபவரைத் தக்க காரணமின்றி வெளியேற்ற முடியாது. அவர் காலமானால், உடனிருந்து வணிகம் செய்த குடும்பத்தார்க்கு அவ்வுரிமை செல்லும் என்று சட்டம் கூறிற்று.

மறுபுறத்தையும் நோக்குவோம். 1940இல் 40 ரூபாய் வாடகை வந்த கடைக்கு 1980இலும் ஏறத்தாழ அதே 40 ரூபாய்தான். உயர்ந்த நகரசபை வரியைச் சேர்த்து வசூலிக்க மட்டும் இடமிருந்தது. சொந்தக்காரர் எல்லாரும் செல்வரல்லர். வாடகை ஒன்றையே நம்பிய முதியோரும் அவர்களுள் இருந்தனர். வருவாய் இவ்வாறு உறைந்து கிடக்க, பழுது பார்ப்பது எவ்வாறு? மழைக்காலங்களில் பழைய கட்டடங்கள் இடிந்து விழலாயின. 1969இல் பழுதுபார்ப்பு வாரியத்துக்குச் சட்டம் செய்து, அதற்கெனத் தனி வரியும் விதித்தனர். தலைப்பாகைப் பணம் பெறுவதோ 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆயினும் அது நின்றபாடில்லை. சட்டம் குறித்த வாடகைக்கும் சந்தை மதிப்புக்கும் உள்ள இடைவெளியை அப்பணம் இருட்டில் நிரப்பி வந்தது.

இனி வரிக்கு வருவோம். ஓர் இடத்தை நியாயமாக என்ன வாடகைக்கு விடக்கூடும் என்பதைக் கொண்டே நகரசபைகள் வரி கணக்கிட்டு வந்தன. நியாயமானது என்றால் எது? சட்டம் அனுமதிக்கும் நிர்ணய வாடகைக்கு மேல் மதிப்பிடலாகாது என்று கல்கத்தா வழக்கொன்றில் 1961இலும், தில்லி வழக்கொன்றில் 1979இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாடகை உறைந்தால் நகரசபையின் வருவாயும் உறையும் என்பது இதன் பொருள். பம்பாய் நகரசபை 2010 ஏப்ரல் முதல் வாடகையை விட்டுக் கட்டடத்தின் மூலதன மதிப்பைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டது.

வருமான வரியில் வேறொரு விந்தை நிகழ்ந்தது. வணிக நிறுவனம் ஒன்று தன் குடியுரிமையை விட்டுக்கொடுத்து 35 லட்சம் ரூபாய் பெற்றது. அதற்கு வரி உண்டா? வாங்கிய விலை என்று ஒன்றைக் கணக்கிட இயலாத உரிமையில் இலாபத்தை எங்ஙனம் கணக்கிடுவது என்ற வாதத்தை ஏற்று, 2005இல் உச்ச நீதிமன்றம் வரி இல்லையென்றது. அது பழைய சட்டத்துக்குட்பட்ட தொகை. 1995–96 மதிப்பீட்டாண்டு முதல், விலை கொடாது பெற்ற குடியுரிமையின் அடக்கவிலை சூன்யம் எனக் கொள்ளப்படுகிறது. ஆகவே வரும் தொகை முழுவதும் மூலதன இலாபமாகிறது.

1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வாடகையை உறைய வைத்த விதிகள் நியாயமற்றனவாகிவிட்டன என்று கூறிற்று. சட்டத்தின் ஆயுள் சில மாதங்களே எஞ்சியிருந்தமையால் அவற்றை ரத்து செய்யாது விடுத்தது. புதிய மகாராஷ்டிரச் சட்டம் 2000 மார்ச் 31இல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 4 சதவிகிதம் வாடகையை உயர்த்தலாம். வங்கிகளுக்கும், 1 கோடி ரூபாயோ அதற்கு மேலோ செலுத்தப்பட்ட மூலதனமுள்ள கம்பெனிகளுக்கும் பாதுகாப்பில்லை. குற்றமாயிருந்த தலைப்பாகைப் பணத்தைப் பெறுவது சட்டப்படி செல்லும் என்றாயிற்று. ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். அதனைப் பதிவு செய்யும் பொறுப்பு சொந்தக்காரருடையது. அவர் பதிவு செய்யாது விட்டால், நிபந்தனைகளைக் குறித்துக் குடியிருப்பவர் சொல்வதே, வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை, ஏற்கப்படும்.