தொட்டாற்சிணுங்கி வழக்கு

வினாடி வினா நடத்துகிறவர்கள் விடாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. செடிகொடிகளுக்கு உயிர் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் யார்? ஜெகதீஷ் சந்திர போஸ் என்று பையன்கள் கத்துவார்கள், கைதட்டும் கிடைக்கும். தாவரவியல் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன் நான். இதைக் கேட்டால் எரிச்சல்தான் வரும். முருங்கைக் கொம்பை ஒடித்து ஊன்றித் தண்ணீர் ஊற்றுகிற பாட்டிக்குத் தெரியாததையா சொல்ல வந்தார் அவர்? போஸ் சொன்னது வேறு. அடிபட்ட செடியில் மின்சாரத் துடிப்பு எழுகிறது, அதுவும் எல்லாச் செடியிலும் எழுகிறது என்றார். எல்லாச் செடியிலும் என்றதுதான் வம்பாகிவிட்டது.

வம்பின் வேர் 1873-இல் இருக்கிறது. சார்லஸ் டார்வின் அப்போது பூச்சி தின்னும் செடிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கரோலினா சதுப்பில் முளைக்கும் வீனஸ் பூச்சிப்பொறியின் இலை, உள்ளே இருக்கும் முடியைத் தொட்டதும் மூடிக்கொள்கிறதே, நம் தசை சுருங்கும்போது எழுவது மாதிரி மின்சாரம் ஏதும் அதில் உண்டா என்று அவருக்குச் சந்தேகம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இருந்த உடலியல் நிபுணர் ஜான் பர்டன் சாண்டர்சன் இலையில் மின்முனைகளைப் பொருத்திப் பார்த்து, உண்டு என்றார். செடியின் மின்சாரத்தை அளக்கிற தொழில் அன்று தொடங்கியது.

அதே பர்டன் சாண்டர்சன்தான் 1901 ஜூனில் ராயல் சொசைட்டி கூட்டத்தில் போஸுக்கு எதிராக எழுந்தார். அசையும் செடிகளில் சரி, சாதாரணச் செடியில் நடக்காத காரியம், நானே முயன்று பார்த்துக் கிடைக்கவில்லை என்றார். கட்டுரைத் தலைப்பில் உள்ள மின் எதிர்வினை என்பதை மாற்றிக்கொள்ளும்படியும் யோசனை சொன்னார். போஸ் மாற்றவில்லை. கட்டுரை அச்சேறாமல் ஆவணக் காப்பகத்துக்குப் போனது. அடுத்த வருஷம் லின்னியன் சொசைட்டி அவருக்குக் கதவைத் திறந்தது. கேரட்டையும் முள்ளங்கியையும் கால்வனாமீட்டரில் இணைத்து, அதிர்ச்சி கொடுத்தால் முள் அசைவதையும், குளோரோபார்ம் காட்டினால் அசைவு மங்குவதையும், வெந்நீரில் வெந்தபின் அடங்கிவிடுவதையும் அவர் வரிசையாகப் பதிந்துவைத்தார்.

நான் மாணவர்களுக்கு இதை விளக்கப் போனால் தொட்டாற்சிணுங்கித் தொட்டியைத்தான் மேஜையில் வைப்பேன். தொடக் கூடாது, தீக்குச்சி கொளுத்தி நுனிச் சிற்றிலையை மட்டும் லேசாகச் சுடவேண்டும். நுனி ஜோடி மடங்கும். அடுத்து அதன் கீழ் ஜோடி, அதற்கும் கீழ் ஜோடி என்று சட்டைப் பொத்தான் போடுகிற மாதிரி காம்பை நோக்கி இறங்கும். சற்று நேரத்தில் இலைக்காம்பே மளுக்கென்று தொங்கும். காம்பின் அடியில் உள்ள புடைப்பின் கீழ்ப்பாதிச் செல்களிலிருந்து உப்பும் அதன் பின்னே நீரும் வெளியேறுவதால் வருகிற தொங்கல் அது. அதோடு முடிந்தது என்று பையன்கள் திரும்பும்போது, நெருப்பே படாத பக்கத்து இலையும் விழும்! அங்கே சேதி கொண்டுபோனது யார் என்பதுதான் வழக்கு.

இத்தாலியின் உபால்டோ ரிக்கா 1916-இல் ஒரு தீர்ப்புச் சொன்னார். தொட்டாற்சிணுங்கி இனத்துச் செடி ஒன்றின் தண்டை வெட்டி, இரு துண்டையும் நீர் நிரப்பிய குழாயால் இணைத்தார். கீழே சுட்டால் மேலே இலை தொங்கியது. ஆகவே நரம்பும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. ஏதோ ஒரு சாறு நீர்க்குழலான சைலத்தில் ஏறுகிறது என்றார். போஸ் ஒத்துக்கொள்ளவில்லை. இலைக்காம்பில் மெல்லிய மின்முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே செலுத்தி, உணவுக்குழலான ஃப்ளோயம் வந்ததும் துடிப்பு பலமாவதைக் காட்டினார். 1926-இல் செடிகளின் நரம்பு அமைப்பு பற்றிப் புத்தகமே போட்டார். நரம்பு என்று அவர் சொல்லியிருக்க வேண்டாம் என்பது என் கட்சி. செடிக்கு மூளை உண்டு, அது பாட்டுக் கேட்கும் என்று இன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பிதற்றலுக்கெல்லாம் அவர் பெயரைப் போடுகிறார்கள்.

தீர்ப்புக்கு வேண்டிய கருவி கடலிலிருந்து வந்தது. ஒசாமு ஷிமோமுரா, அமெரிக்காவின் ஃப்ரைடே ஹார்பரில் ஒளிரும் ஜெல்லிமீன்களைப் பிழிந்துகொண்டிருந்தார். ஒருநாள் வீணான சாற்றைத் தொட்டியில் கொட்ட, அங்கே கடல்நீர் வழிந்துகொண்டிருந்ததால் தொட்டியே நீலமாகப் பளிச்சிட்டது. கடல்நீரின் கால்சியம் செய்த வேலை. ஏக்வோரின் என்ற அந்தப் புரதத்தை 1962-இல் அறிவித்தார். எடின்பரோவில் அதன் மரபணுவைப் புகையிலைச் செடிக்குள் வைத்து, தொட்டாலும் குளிர் காட்டினாலும் செடி மினுங்குவதை 1991-இல் காட்டினார்கள். சும்மா இருக்கிற செல்லுக்குள் கால்சியம் மிகச் சொற்பம், வெளியே இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதனால் கொஞ்சம் உள்ளே நுழைந்தாலே அது சேதி.

நுழையும் வாசல் எது? 1998-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் குளோரியா கொருஸியின் குழு அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியில் ஒன்றைக் கண்டது: நம் மூளை செல்களில் குளூட்டமேட்டைப் பற்றிக்கொள்ளும் புரதங்களுக்கு ஒன்றுவிட்ட உறவு. குளூட்டமேட் வேறொன்றுமில்லை, 1908-இல் ஜப்பானின் இகெடா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்தது; அதன் உப்பைத்தான் அஜினோமோட்டோ என்று ஃப்ரைட் ரைஸில் தூவுகிறார்கள். அந்தச் செடியில் இந்த ரக மரபணுக்கள் 20. 2013-இல் லோசான் நகரில் எட்வர்ட் ஃபார்மர் குழு அவற்றில் 3.3, 3.6 என்ற இரண்டையும் சேர்த்து முடக்கியபோது, ஓர் இலையில் பட்ட காயத்தின் மின்சேதி அடுத்த இலைக்குப் போகவில்லை. 2018-இல் மசாத்சுகு டொயோட்டாவும் சைமன் கில்ராயும் படமே எடுத்துவிட்டார்கள்: புழு கடித்த இடத்திலிருந்து கால்சியம் ஒளி விநாடிக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் தூரத்து இலைக்கு ஓடுகிறது. வெட்டே இல்லாமல் குளூட்டமேட்டை வைத்தாலும் ஓடுகிறது.

எனக்குப் பிடித்தது அதே 2018-இல் லோசானிலிருந்து வந்த இன்னொரு கட்டுரை. 3.3 வேலை செய்யுமிடம் ஃப்ளோயம், 3.6 வேலை செய்யுமிடம் சைலத்தை ஒட்டிய செல்கள். கல்கத்தாவின் போஸும் இத்தாலியின் ரிக்காவும் ஆளுக்கொரு குழாயைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறார்கள். சேதி போக இரண்டுமே வேண்டியிருந்தது. ரிக்காவின் சாறும் வெறும் கற்பனையில்லை. அராபிடாப்சிஸில் அந்த வேலையைச் செய்வது, கடுகை அரைத்தால் காரத்தைக் கிளப்புகிற நொதிதான் என்று 2023-இல் ஃபார்மர் குழு எழுதியது.

தொட்டாற்சிணுங்கியையும் விடவில்லை. 2022-இல் டொயோட்டாவின் குழு, காம்பில் புடைப்பே இல்லாமல் மடங்கத் தெரியாத செடியை மரபணுத் திருத்தத்தில் உண்டாக்கி, மடங்கும் செடியோடு சேர்த்து வெட்டுக்கிளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. மடங்காததைத்தான் அவை அதிகம் தின்று தீர்த்தன.