மாடும் வரிக்குதிரையும் பகையா?

கென்யாவின் லைகிப்பியா பகுதியில் மாட்டுப் பண்ணைகள் அதிகம். வரிக்குதிரைகளும் அங்கேயேதான் மேய்கின்றன. "இருக்கிற புல்லை அவை தின்றுவிட்டால் மாட்டுக்கு என்ன மிஞ்சும்?" என்பது பண்ணையாளர்களின் நெடுநாள் கவலை. வனவிலங்குகளைப் பண்ணைக்குள் விட்டுவைப்பதா, விரட்டுவதா என்பது இந்தக் கேள்வியின் விடையைப் பொறுத்தது.

விடை தேட இடம் கொடுத்தது ம்பாலா பண்ணை. அதன் உரிமையாளர் ஜார்ஜ் ஸ்மால், 1990-களில் அங்கே ஓர் ஆய்வு மையம் உருவாக வழிசெய்தார். மாடு வளர்ப்பும் நிற்கவில்லை. 1995-இல் தலா 4 ஹெக்டேர் அளவில் 18 நிலத்துண்டுகள் பிரிக்கப்பட்டன. சிலவற்றில் மாடுகள் மட்டும் மேய்ந்தன, சிலவற்றில் வனவிலங்குகள் மட்டும், சிலவற்றில் இரண்டும், சிலவற்றில் எதுவுமே இல்லை.

2011-இல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வெளியானது. வறண்ட காலத்தில் பண்ணையாளர்களின் கவலை சரிதான். வனவிலங்குகளோடு மேய்ந்த மாடுகளுக்கு எடை குறைவாகவே கூடியது. மழைக்காலத்திலோ நிலைமை தலைகீழ்! காய்ந்த புல்தண்டுகளை வரிக்குதிரைகள் தின்று தீர்த்ததால் மாடுகளுக்குச் சத்தான புல் எளிதாகக் கிடைத்தது. எடையும் நன்றாகக் கூடியது.

ஆக, வரிக்குதிரையை விரட்டும் பண்ணையாளர் வறட்சிக்காலப் போட்டியாளரோடு மழைக்கால உதவியாளரையும் சேர்த்தே விரட்டுகிறார்.