திரையும் புலனும்: மலைநாட்டு நோக்கில் ஒரு வரலாற்றுக் குறிப்பு

அட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் பாதை நோர்வூட்டை அடைந்ததும் இரண்டாகப் பிரிந்து, ஒன்று பொகவந்தலாவைக்கும் மற்றொன்று மஸ்கெலியாவுக்கும் செல்கின்றது. இச்சந்தியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்கள் அமைந்துள்ள அதே நுவரெலியா மாவட்டத்திலேதான் இலங்கையின் அதியுயர் சிகரமாகிய பீதுருதாலகாலையும் உளது. 2,524 மீற்றர் உயரமுடைய அம்மலையுச்சிக் கோபுரத்தைக் கொண்டே, யப்பானிய அரசின் கொடையாக அமைந்த ரூபவாகினி 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் தன் ஒளிபரப்பைத் தொடங்கிற்று. சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரிலிலேயே தோன்றியதாயினும், அது முதலிற் கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையுமே எட்டிற்று. ஆகவே, நாட்டின் பெரும்பகுதிக்குப் படத்தை அனுப்பிய கோபுரம் தோட்டத் தொழிலாளரின் வாயிலிலேயே நின்றது எனலாம். அனுப்பப்பட்டது யாரை அடைந்தது என்பதே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட வினா.

மின்சாரம் எட்டாத லயங்களில் மோட்டார் வண்டிப் பற்றரியைக் கொண்டு தொலைக்காட்சிப் பெட்டியை இயக்கிய காலம் ஒன்றிருந்தது. மின்சாரத் தடையும், தமிழ் நிகழ்ச்சிகள் அருகியிருந்தமையாகிய மொழித் தடையும் பலராலும் பேசப்பட்டவை. மூன்றாவது தடையொன்று உண்டு. பெட்டி இருந்தும், மொழி விளங்கியும், கண்ணோ செவியோ உதவாதாரின் நிலை அது.

தொடக்கத்திற் சினிமா செவிப்புலனற்றோர்க்கு முழு உரிமை வழங்கிய கலையாக இருந்தது என்றால் வியப்பாகத் தோன்றலாம். ஊமைப்படத்தில் உரையாடலெல்லாம் எழுத்து அட்டைகளாகவே திரையிற் காட்டப்பட்டன. எழுத்தறியாதார் பொருட்டுத் திரையருகே ஒருவர் நின்று கதையைச் சொல்லுவதும் தென்னாட்டில் வழக்கமாயிருந்தது. 1927இல் 'த ஜாஸ் சிங்கர்' அமெரிக்காவிலும், 1931இற் 'காளிதாஸ்' தமிழிலும் வெளிவந்து திரை பேசத் தலைப்பட்டதும், அவ்வட்டைகளும் மறைந்தன. கதை சொல்லுவாரும் மறைந்தனர். உலகமே வியந்த அவ்வளர்ச்சி ஒரு சாராரைக் கொட்டகையினின்றும் வெளியேற்றிய செய்தியைத் திரைப்பட வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் குறிப்பதில்லை.

வானொலியின் கதை இதற்கு மறுதலை. கொழும்பு வானொலி 1925 டிசம்பர் 16ஆம் நாள் தொடங்கிற்று. அதற்கு அடுத்த ஆண்டே, கட்புலனற்றோர் வானொலி உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லையெனப் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டமியற்றியது. வானொலி அவர்க்கு வீட்டினுள் வந்த உலகமாயிற்று. தொலைக்காட்சியோ கொடுத்ததிற் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. நாடகத்திற் பேச்சு நின்று முகக்குறிப்பு மட்டும் நிகழும் கணத்தில், லயத்து அறையில் அமர்ந்திருக்கும் பார்வையற்ற முதியவர் பேரப்பிள்ளையிடம் "இப்போது என்ன நடக்கிறது?" எனக் கேட்டே அறிய வேண்டும். அப்பேரப்பிள்ளையின் தொண்டையே மேனாட்டார் 'ஒலிவிவரணம்' எனப் பெயரிட்டு 1980களில் முறைப்படுத்தியது. வசனங்களுக்கு இடைப்பட்ட மௌனத்திற் காட்சியைச் சுருங்கச் சொல்லும் தனிக் குரலே அது. ஊமைப்படக் கொட்டகையிற் கதை சொன்னவரும் ஏறத்தாழ இதனையே செய்தார் என்பதை நினைத்தல் தகும்.

செவிப்புலனற்றோர் பக்கத்து முயற்சியைத் தொடங்கியவர் அவர்களுள் ஒருவரே. எமெர்சன் ரொமேரோ என்னும் செவிப்புலனற்ற நடிகர் 1947இற் பேசும் படச்சுருளை வெட்டி, இடையிடையே எழுத்து அட்டைகளை ஒட்டிக் காட்டினார். 1958இல் அமெரிக்க அரசு எழுத்துரையிட்ட படங்களை வழங்கும் பொறுப்பைச் சட்டத்தால் ஏற்றது. 1980இல் ஒளிபரப்பு அலையிலேயே எழுத்தை மறைத்தனுப்பும் முறை அங்கே நடைமுறைக்கு வந்தது. படத்தை ஆக்கும் கோடுகளுள் காண்போர்க்குத் தோன்றாத 21ஆம் கோட்டில் எழுத்துக் குறிகள் ஏற்றப்பட்டன. தனிக் கருவியொன்றை வாங்கிப் பொருத்தியவர் மட்டும் அவற்றைத் திரையிற் கண்டனர். அக்கருவியை வாங்கினோர் சிலரே. 1990இல் இயற்றப்பட்ட சட்டம், 1993 முதல் 13 அங்குலமும் அதற்கு மேற்பட்டதுமான ஒவ்வொரு பெட்டியிலும் அதனை உள்ளமைக்குமாறு பணித்த பின்னரே நிலைமை மாறிற்று. வசதி என்பது கடையில் விலைக்குக் கிடைத்தாற் போதாது, பெட்டியோடு பிறந்திருத்தல் வேண்டும் என்பதை அப்பத்தாண்டுகள் காட்டின.

ஆனால் எழுத்துரை எழுத்தறிந்தார்க்கே உதவும். இங்கேதான் மலைநாட்டின் வரலாறு குறுக்கிடுகின்றது. செவிப்புலனற்றோர்க்கும் கட்புலனற்றோர்க்குமான இலங்கையின் முதற் பாடசாலை 1912இல் மேரி சாப்மன் அம்மையாரால் தொடங்கப்பெற்று இரத்மலானையில் நிலைபெற்றது. தமிழ் மாணவர்க்கெனக் கைதடியில் நபீல்ட் பாடசாலை 1956இல் எழுந்தது. முன்னது மேல்கரையில், பின்னது வடக்கே யாழ்ப்பாணத்தில். தோட்டப் பாடசாலைகளோ 1970களிலேதான் அரசின் பொறுப்பாயின. செவிகேட்கும் பிள்ளைக்கே கல்வி அரிதாயிருந்த இடத்தில், கேளாத பிள்ளை வீட்டாரோடு தானே ஆக்கிக்கொண்ட சில கைக்குறிகளுடன் வளர்ந்து கொழுந்துக்கூடையைச் சுமந்தது. அத்தகையார்க்குத் திரையின் அடியில் ஓடும் எழுத்தும் படமே. மூலையில் நிற்பவரின் சைகைமொழியும் அயல்மொழியே. கையசைவு உலகப் பொதுமொழி என்பது பாமரர் எண்ணம். ஒரே ஆங்கிலத்தைப் பேசும் பிரித்தானியரும் அமெரிக்கரும் ஒருவர் சைகைமொழியை மற்றவர் அறியார்.

அயலே இந்தியாவில், தூரதர்சன் 1987இற் செவிப்புலனற்றோர்க்கு வாராந்தச் செய்தியறிக்கையைத் தொடங்கிற்று. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி 2019இல் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கான தராதரங்கள் வகுக்கப்பட்டன; 2024 டிசம்பரில் இந்தியச் சைகைமொழிக் கல்விக்கெனத் தனி அலைவரிசையே தோன்றிற்று. இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோர் உரிமையைப் பாதுகாக்கவெனப் பிறந்தது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையில் இலங்கை 2007இற் கைச்சாத்திட்டு 2016இல் அதனை ஏற்புறுதி செய்தது. அதன் 30ஆம் உறுப்புரை தொலைக்காட்சியையும் திரைப்படத்தையும் பெயர் சுட்டியே பேசுகின்றது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டோருள் ஏறத்தாழ 16 இலட்சம் பேர் ஏதேனுமொரு புலன் அல்லது உறுப்புக் குறையுடையோர். அவருட் காண்பதில் இடர்ப்படுவோர் மட்டும் ஏறத்தாழ 10 இலட்சத்தினர். ரூபவாகினியின் தமிழ் அலைவரிசைக்கு இடப்பட்ட பெயரோ நேத்திரா. கண் என்பது பொருள்.

இஃது இன்பப் பொழுதுபோக்குப் பற்றிய சிறு குறை என எண்ணுவோர்க்கு 2014 ஒக்டோபர் 29ஆம் நாளை நினைவூட்டலாம். அன்று காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்ட லயங்களைப் புதைத்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதற்கு முன்னரே எச்சரித்திருந்த இடம் அது. செவியுடையாரிடத்தும் எச்சரிக்கை பயன்படாது போன நாட்டில், செவியற்றார்க்கு அது எவ்வழியாற் செல்லும்? தோட்டத்தின் செய்திமுறை யாவும் பண்டு தொட்டு ஓசையின்மேல் எழுந்தவை. பிரட்டுக்களத்துக்கு அழைத்த தப்பு, கோயில் ஒலிபெருக்கி, வானொலி, இப்போது தொலைக்காட்சி வாசிப்பாளரின் குரல். மேற்சொன்ன உடன்படிக்கையின் 11ஆம் உறுப்புரை, அனர்த்த காலத்தில் வலுவிழந்தோரின் பாதுகாப்பை அரசின் கடமையாக்குகின்றது. நோர்வூட்டைச் சூழ்ந்த சரிவுகளிலும் ஐப்பசி மழை தவறாது பெய்கின்றது. மண்சரிவு அறிவித்தல் திரையில் வரும்போது அதனோடு தமிழ் எழுத்தும், தமிழ்ப் பிள்ளைகள் கற்ற சைகையும் வருதல் வேண்டும்.