கூட்டுப்பொருள் தன்கட்டு வானூர்தி

கூட்டுப்பொருள் தன்கட்டு வானூர்தி என்பது ஒருவர் தம் வீட்டுப் பட்டறையில் கண்ணாடியிழை, பிசின், நுரைப்பொருள் ஆகியவற்றைக் கொண்டு தாமே கட்டும் சிறிய வானூர்தி ஆகும். வலிமை மிக்க இழையும் அதைப் பிணைக்கும் பிசினும் சேரும்போது, தனித்தனியே அவற்றுக்கு இல்லாத பண்புகள் கிடைக்கின்றன. இதனாலேயே இது கூட்டுப்பொருள் எனப்படுகிறது. தமிழ்நாட்டில் கடலூர், சிதம்பரம் பகுதி மீனவர்கள் பயன்படுத்தும் பைபர் படகுகளும் இந்த நுட்பத்தின் வழியே செய்யப்படுபவை ஆகும்.

வரலாறு

தொடக்ககாலத் தன்கட்டு வானூர்திகள் பெரும்பாலும் மரம், துணி, எஃகுக் குழாய் ஆகியவற்றால் ஆனவை. அமெரிக்க வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டான் 1975 இல் பறக்கவிட்ட வேரி-ஈசி, அச்சு இல்லாமலே கூட்டுப்பொருள் வானூர்தி கட்டும் முறையைப் பரவச்செய்தது. இதன் பெரிய வடிவமான லாங்-ஈசி 1979 இல் முதன்முதலாகப் பறந்தது. இருவர் அமரக்கூடிய இதன் வெற்று எடை ஏறத்தாழ 322 கிலோகிராம், இறக்கை நீட்டம் ஏறத்தாழ 8 மீட்டர் ஆகும். ரூட்டானின் நிறுவனம் வானூர்தியை விற்காமல் வரைபடங்களையே விற்றது. 1985 இல் அவ்விற்பனையும் நிறுத்தப்பட்டது. 1986 இல் அவர் வடிவமைத்த வாயேசர் என்னும் கூட்டுப்பொருள் வானூர்தி, இடையில் எரிபொருள் நிரப்பாமல் ஒன்பது நாட்களில் உலகைச் சுற்றி வந்தது.

கட்டும் முறை

முதலில் பாலிசுட்டைரீன் நுரைக்கட்டியின் இரு முனைகளிலும் இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத் தகடுகள் பொருத்தப்படுகின்றன. மின்சாரத்தால் சூடேற்றிய கம்பியைத் தகடுகளின் ஓரமாக இழுத்தால் நுரை இறக்கை வடிவில் அறுபடும். யூரித்தேன் நுரையைச் சூடான கம்பியால் அறுத்தல் கூடாது. அதிலிருந்து நச்சு வளி வெளிப்படும்.

நுரையின் மேற்பரப்பில், நுண்ணிய கண்ணாடிக் குமிழிகள் கலந்த எப்பாக்சிப் பிசின் பூசப்படுகிறது. அதன்மேல் கண்ணாடியிழைத் துணி அடுக்கடுக்காக விரிக்கப்பட்டுப் பிசினில் ஊறவைக்கப்படுகிறது. வளைவு விசையைத் தாங்க இழைகள் இறக்கையின் நீளவாக்கிலும், முறுக்கு விசையைத் தாங்கக் குறுக்காக 45 பாகைச் சாய்விலும் இடப்படுகின்றன. மிகுதியான பிசின் வழித்து எடுக்கப்படுகிறது. அது எடையைக் கூட்டுமேயன்றி வலிமையைக் கூட்டாது.

பாதுகாப்பு

உலோகத் தகட்டைத் தொழிற்சாலையே சோதித்து அனுப்புகிறது. கூட்டுப்பொருளிலோ, கட்டுபவரே அப்பொருளை உருவாக்குகிறார். எனவே அதன் தரம் அவரது கையிலேயே உள்ளது. பிசினும் கடினமாக்கியும் சரியான விகிதத்தில் நிறுத்துக் கலக்கப்படாவிட்டால் அடுக்கு முழுமையாக இறுகாது. அடுக்குகளுக்கிடையே சிக்கிய காற்றுக்குமிழி பின்னர் பிளவுக்குக் காரணமாகலாம். கலவையை ஒரே கலத்தில் மிகுதியாக வைத்தால் வேதிவினை வெப்பத்தால் புகைந்துவிடும். ஈரப்பதம் மிகுந்த காற்றில் பிசினின் மேல் மெழுகு போன்ற படலம் தோன்றலாம். அதைக் கழுவி நீக்காமல் அடுத்த அடுக்கை இட்டால் பிணைப்பு வலுவிழக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் கடலூர் போன்ற கரையோர ஊர்களில் இது கருத்தில் கொள்ள வேண்டியதாகும்.

வெயிலின் வெப்பம் பிசினையும் நுரையையும் இளகச் செய்யும் என்பதால் இவ்வானூர்திகளுக்குப் பெரும்பாலும் வெண்ணிறமே பூசப்படுகிறது. எப்பாக்சி தோலில் ஒவ்வாமையை உண்டாக்குவதால் கையுறை இன்றியமையாதது.

பைபர் படகுடன் ஒப்பீடு

2004 திசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கடலூர் மாவட்டக் கரையோரங்களில் பைபர் படகுகள் பெருமளவில் வழங்கப்பட்டன. இவை கட்டுமரங்களின் இடத்தைப் பெரிதும் பிடித்தன. சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டை, கிள்ளை ஆகிய ஊர்களிலும் இவை பயன்பாட்டில் உள்ளன.

படகு அச்சினுள் வார்க்கப்படுகிறது. ரூட்டான் முறை வானூர்திக்கு நுரையே வடிவம் தருகிறது. படகில் பெரும்பாலும் சிறு இழைத்துண்டுகளாலான பாயும் விலை குறைந்த பாலியெசுட்டர் பிசினும் பயன்படுகின்றன. இப்பிசினை வானூர்திக்குப் பயன்படுத்தினால் அதிலுள்ள சுட்டைரீன், பாலிசுட்டைரீன் நுரையைக் கரைத்துவிடும். படகில் கூடுதல் அடுக்கு உறுதி தரும். வானூர்தியிலோ தேவையற்ற ஒவ்வொரு அடுக்கும் சுமையாகும்.

இந்தியாவில்

பெங்களூரிலுள்ள தேசிய விண்வெளி ஆய்வகம், லாங்-ஈசி வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்டு ஓர் ஆய்வு வானூர்தியைக் கட்டி 1987 இல் பறக்கவிட்டது. இதே ஆய்வகம் உருவாக்கிய ஈரிருக்கைக் கூட்டுப்பொருள் பயிற்சி வானூர்தியான அன்சா 1993 இல் முதன்முதலாகப் பறந்தது.

வீட்டில் கட்டியோருள் மும்பையைச் சேர்ந்த வானோடி அமோல் யாதவ் குறிப்பிடத்தக்கவர். அவர் தம் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஆறு இருக்கைகள் கொண்ட வானூர்தியைக் கட்டினார். இது உலோகத்தாலானது. 2016 இல் மும்பையில் காட்சிக்கு வைக்கப்பட்ட இதற்கு 2017 இல் பதிவும், 2019 இல் பறப்பதற்கான அனுமதியும் கிடைத்தன.

அமெரிக்காவில் வேலையின் பாதிக்கு மேற்பட்ட பகுதியைக் கல்வி அல்லது பொழுதுபோக்கு நோக்கில் தாமே செய்தவர், பரிசோதனை வகையில் தம் வானூர்திக்கு அனுமதி பெறலாம். இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அனுமதியின்றி இவற்றைப் பறக்கவிட இயலாது.

இவற்றையும் பார்க்கவும்

கண்ணாடியிழை
கட்டுமரம்
வானூர்தி