வடக்கெல்லை: பொன்னேரி தாலுகாவை வெட்டிய சட்டம்

மீஞ்சூரில் கூடூர் மார்க்க ரயிலேறினால் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் தாண்டியதும் தடா, அது ஆந்திரம். இந்த வடக்கெல்லையை வகுத்தவை இரண்டு நாடாளுமன்றச் சட்டங்கள். இரண்டாவது சட்டம் மீஞ்சூர் அடங்கிய பொன்னேரி தாலுகாவிலேயே கை வைத்தது.

தனி ஆந்திர மாநிலம் கேட்டுப் பொட்டி ஸ்ரீராமுலு 58 நாள் உண்ணாவிரதமிருந்து, 1952 டிசம்பர் 15 இரவு சென்னையில் உயிர்நீத்தார். நான்கே நாளில் ஆந்திர மாநிலத்தை அறிவித்தார் நேரு. ஆனால் பிரதமர் அறிவித்துவிட்டால் மாநிலம் பிறந்துவிடாது. அரசியலமைப்பின் 3ஆவது பிரிவுப்படி குடியரசுத் தலைவர் பரிந்துரைத்த பிறகே மசோதாவை நாடாளுமன்றத்தில் கொண்டுவர முடியும். அதற்கு முன்பே, பிரிபடும் மாநிலத்தின் சட்டமன்றத்திடம் கருத்துக் கேட்க வேண்டும்.

கேட்பது கருத்தைத்தான், சம்மதத்தை அல்ல. 4ஆவது பிரிவு, இத்தகைய சட்டத்தை அரசியலமைப்புத் திருத்தமாகவே கருதக் கூடாது என்கிறது. எனவே சாதாரணப் பெரும்பான்மை போதும். 2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் தெலங்கானா மசோதாவை நிராகரித்தது. மறு மாதமே நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. மத்திய அரசின் கையில் இவ்வளவு அதிகாரம் குவிந்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சென்னை மாகாணப் பிரிவினையின் நிதி, நிர்வாகச் சிக்கல்களை நீதிபதி வாஞ்சு ஆராய்ந்தார். முதல் சட்டத்தின்படி 1953 அக்டோபர் 1 அன்று கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திரம் உதயமானது. குண்டூரில் தனி உயர் நீதிமன்றம் அமைய 1954 ஜூலை ஆனது. அதுவரை ஆந்திர வழக்குகளும் சென்னைக்கே வந்தன.

பெரிய தவறு எல்லையில் நடந்தது. பெல்லாரியைத் தாலுகா தாலுகாவாகப் பிரித்தவர்கள், சித்தூரை முழு மாவட்டமாகத் தூக்கிக் கொடுத்தார்கள். தமிழர் செறிந்து வாழ்ந்த திருத்தணியும் அதோடு போயிற்று. வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்திய ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் அதை விடவில்லை. மறியல், சிறை என்று போராட்டம் நீண்டது. இறுதியில் இரு அரசுகளும் படாஸ்கரின் மத்தியஸ்தத்துக்கு இணங்கின. கிராமமே அலகு, மொழிப் பெரும்பான்மையும் நிலத்தொடர்ச்சியும் பார்க்க வேண்டும் என்பது அவர் கொண்ட அளவுகோல். 1953லேயே இதைக் கைக்கொண்டிருந்தால் திருத்தணி மக்கள் ஆறு ஆண்டுகளுக்கு மேல் தவித்திருக்க வேண்டாம்.

அதே 3ஆவது பிரிவின் கீழ் 1959இல் எல்லை மாற்றச் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கும் வந்தது. திருத்தணி திரும்பியது. போராடியவர்கள் கேட்ட திருப்பதி திரும்பவில்லை. ஈடாக, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களிலிருந்து பல கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. சத்தியவேடு வட்டாரம் அப்படிப் போனதுதான். திருத்தணிக்காகக் கொண்டாடிய நாம், அந்தக் கிராமங்களில் வாழ்ந்த தமிழர்களைப் பற்றி அதிகம் பேசவே இல்லை. ஊர்மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தச் சட்டத்தில் இடமுமில்லை.

ஆரணி ஆறு மட்டும் இந்த எல்லையைப் பாராமல் பழைய வழியிலேயே ஓடுகிறது. ஆந்திரத்துப் பிச்சாட்டூர் அணை திறந்தால் ஊத்துக்கோட்டை, பொன்னேரிக் கரையோர மக்கள் இன்றும் விழித்திருக்க வேண்டியிருக்கிறது.

இனி எங்கேனும் ஒரு மாநிலத்தைப் பிரிக்க மசோதா வந்தால், பெயரையும் தலைநகரையும் பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த ஊர் எந்தப் பக்கம் என்று தேடிப் படியுங்கள். சட்டமன்றம் கருத்துச் சொல்லக் குடியரசுத் தலைவர் குறித்த கெடுவுக்குள் உங்கள் சட்டமன்ற உறுப்பினரைப் பேசவையுங்கள். சட்டம் ஊர்களுக்குத் தந்திருக்கும் வாய்ப்பு அவ்வளவுதான்.