பாதச் சத்திர சிகிச்சைக்குப் பின் வலித்தணிப்பும் தேறுதலும்

26 எலும்புகளால் அமைந்து, சரீரத்தின் பாரம் முழுவதையும் ஏற்கும் பாதத்தில் சத்திர சிகிச்சை நிகழ்ந்தபின், வேதனையைத் தணித்து, ரணத்தை ஆற்றி, நடையைப் படிப்படியாக மீட்கும் மருத்துவ முறைகளின் தொகுதி இது. இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளை, ஹாலிஎல, பசறை, பண்டாரவளை, ஹப்புத்தளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் இது விசேஷ முக்கியத்துவம் பெறுகிறது. ஏனெனில், அங்கே கொழுந்து பறிப்பவரின் ஜீவனம், செங்குத்தான சரிவில் உறுதியாக ஊன்றும் பாதத்தையே நம்பியிருக்கிறது.

சிகிச்சைக்கான காரணங்கள்

முறிந்த எலும்பைத் தகடும் திருகாணியும் கொண்டு பொருத்துதல், சீழ்க்கட்டியைக் கீறி வடித்தல், நீரிழிவினால் அழுகிய விரலை அகற்றுதல் ஆகியவை முக்கியமானவை. பதுளை நகரிலுள்ள போதனா வைத்தியசாலையும் தியத்தலாவை ஆதார வைத்தியசாலையும் இப்பகுதி மக்கள் நாடும் அரசாங்க ஆஸ்பத்திரிகளாகும்.

வலித்தணிப்பு

முதல் இரண்டு மூன்று தினங்களிலேயே வேதனை உச்சம் பெறுகிறது. கணுக்காலைச் சுற்றியுள்ள ஐந்து நரம்புகளை மரக்கச் செய்யும் ஊசி போடப்பட்டிருப்பின், அம்மரப்பு நீங்குமுன்னரே முதல் மாத்திரையை உட்கொள்வது உசிதம். பனடோல் என்று மக்கள் வழங்கும் பரசிட்டமோல், ஆரோக்கியமான வயதுவந்தவர்க்கு 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரைகள் எட்டுக்கு, மேற்படலாகாது. ஈரல் நோயாளருக்கும் உடல் மெலிந்தோருக்கும் வைத்தியர் இதனினும் குறைத்தே விதிப்பர். டைக்ளோபினாக் முதலிய வலிமாத்திரைகள் சிறுநீரகக் கோளாறும் இரைப்பைப் புண்ணும் உள்ளோருக்குத் தீங்கு பயக்கக்கூடும். காலை இருதய மட்டத்திற்கு மேலே உயர்த்தி வைத்திருப்பது வீக்கத்தையும், அதனால் விளையும் வலியையும் குறைக்கிறது.

ரணப் பராமரிப்பு

தையல்கள் வழக்கமாக 10 முதல் 14 நாட்களில் அகற்றப்படுகின்றன. அதுவரை கட்டு நனையலாகாது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசல் சேறாகிக் கழிப்பறைக்கும் மழையில் நடக்க நேரும்போது, கட்டின்மேல் பொலித்தீன் உறையிட்டுச் சென்று, திரும்பியதும் அதைக் கழற்றிவிடுதல் அவசியம். நீரிழிவினால் உணர்ச்சி குன்றிய பாதத்தில் வலியின்மை குணமடைந்ததற்கு அத்தாட்சியன்று. ஆதலின் அத்தகையோர் காலைத் தினந்தோறும் கண்ணால் பரிசோதிக்க வேண்டும். காய்ச்சல், சீழ், துர்நாற்றம், விரல்கள் நீலம்பாரித்தல், கெண்டைக்கால் வீங்கி வலித்தல் ஆகியவை தோன்றினால் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்க. திடீர் மூச்சுத்திணறல், காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலை அடைந்ததன் குறியாக இருக்கக்கூடும்.

அங்கம் நீக்கப்பட்டோர்

அகற்றப்பட்ட உறுப்பு இன்னும் இருப்பதுபோல் வலிப்பதுண்டு. இது மனப்பிரமையன்று, நரம்பு மண்டலத்தின் மெய்யான வேதனை. தமிழரான நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் அறிமுகப்படுத்திய, நல்ல காலின் பிம்பத்தைக் கண்ணாடியில் காணச் செய்யும் கண்ணாடிச் சிகிச்சை சிலருக்கு நிவாரணம் அளிக்கிறது. காலை இழந்தோருக்கு, 1968இல் இந்தியாவில் உருவாக்கப்பட்ட ஜெய்ப்பூர்ச் செயற்கைக்கால், வெறுங்காலுடன் நடக்கவும் குந்தியிருக்கவும் ஏற்றதாய் அமைந்திருப்பதால், கிராம வாழ்க்கைக்குப் பொருந்துகிறது. இலங்கையிலும் அது வழங்கப்பட்டு வருகிறது.

தேறுதலும் தொழிலும்

பாத எலும்புகள் பொருந்தப் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரங்கள் செல்லும்; வீக்கமோ பல மாதங்கள் நீடிக்கலாம்; புகைபிடித்தல் எலும்பு பொருந்துவதைத் தாமதப்படுத்தும். ஊன்றுகோலுடன் படியேறுகையில் நல்ல காலை முதலில் வைத்தலும், இறங்குகையில் ஊன்றுகோலையும் சிகிச்சை பெற்ற காலையும் முதலில் இறக்குதலும் விதியாம். லயத்தினுள் நடக்கக் கூடுமாயின் மலையில் வேலை செய்யவும் கூடும் என்று எண்ணுதல் தவறு. ஏற்றத்தில் முன்பாதமும், இறக்கத்தில் விரல்களும், சரிவில் நின்று பறிக்கையில் கணுக்காலும் சமதரையில் காணாத பாரத்தைத் தாங்குகின்றன. வேலைக்குச் செல்லாத நாளின் சம்பளம் இழக்கப்படுவதால் தொழிலாளர் முன்கூட்டியே கொழுந்துக் கூடையைச் சுமக்க நேர்வது, ஆறிவரும் காயத்தைக் கெடுத்து, நெடுங்கால முடத்துக்கு வித்திடுகிறது. ஆகையால் வைத்தியர் விதித்த ஓய்வும், அதன்பின் சமதரையில் இலகுவான வேலையும், மருந்தைப் போலவே சிகிச்சையின் பகுதிகளாம். அவற்றை வழங்குதல் தோட்ட நிர்வாகத்தின் கடமையுமாகும்.